ஜனவரி காசெட்

ஜனவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் சுகம். அத்தான் வழக்கம் போலப் பேப்பருக்குப் பின்னால் இருக்கிறார். உங்கள் இருவர் நலத்துக்கும் எழுது.

உன் புத்தாண்டுக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படித்தது நல்லதாகப் போயிற்று. நின்றிருந்தால் விழுந்திருப்பேன். மாதம் ஒரு மெட்டு, அதுவும் நாமே போட்டது, வருஷம் முடியும்போது பன்னிரண்டு பாட்டு என்று எழுதியிருக்கிறாய். எழுதியது நீதானா? பள்ளிக்கூடத்தில் தொடங்கிய படம் வரையும் நோட்டையே இன்னும் முடிக்காதவன் நீ. ஆரம்ப சூரத்தனம் உன் கூடப் பிறந்தது, நான் கூட அப்புறம்தான்.

ஆனாலும் சரி என்கிறேன். எனக்கும் வயது ஏறுகிறது. பல் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, 'வாயைக் கொப்பளிச்சிட்டு உக்காருங்க' என்று சொல்லிச் சொல்லியே ஆயுள் முடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு வருஷமாவது வயலினைப் பெட்டியிலிருந்து எடுத்தேன் என்று இருக்கட்டும்.

முறை இப்படி. மெட்டில் என் பங்கை வயலினில் வாசித்துக் காசெட்டில் பதிந்து தபாலில் அனுப்புவேன். நீ அதை ஒரு டேப்பில் ஓடவிட்டு, கூடவே பியானோவில் உன் பங்கை வாசி. இரண்டும் சேர்ந்து இன்னொரு டேப்பில் பதிவாக வேண்டும். அதை எனக்கு அனுப்பு. நான் பதிவு செய்ய இடம் பிடித்துவிட்டேன். எங்கள் எக்ஸ்ரே அறை. சுவருக்குள் ஈயத் தகடு, கனமான கதவு. டாக்டர் சாப்பிடப் போகும் நேரத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஜனவரிப் பங்கு இதோடு வருகிறது.

ஒன்று மட்டும். பதிவு செய்யும்போது உன் பெண்டாட்டியைச் சமையலறைக்கு அனுப்பிவிடு. அவள் வாயில்லாப்பூச்சிதான், ஆனால் அவள் கையில் இருக்கும் பாத்திரத்துக்கு வாய் உண்டு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் சுகம். அத்தான் முதுகுவலி தேவலையா?

முதல் பாட்டு முடிந்தது. காசெட் இதோடு வருகிறது. நம்பமாட்டாய், மாதம் முழுக்க வேலை விட்டு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் பியானோ முன் உட்கார்ந்தேன். நடுவில் ஓரிடத்தில் உன்னைத் தவறவிட்டு, ஓடிவந்து பிடித்திருக்கிறேன். கேட்கும்போது ரொம்பச் சிரிக்காதே.

அச்சகத்தில் பள்ளி நோட்டுகள் குவிந்து கிடக்கின்றன. நான் இன்னும் காகிதம் வெட்டும் இயந்திரத்தில்தான் நிற்கிறேன். அதற்கு இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒன்றாக அழுத்தினால்தான் கத்தி இறங்கும். வேலை வேகமாக நடக்கட்டும் என்று முதலாளி வலது பொத்தானை நிரந்தரமாக அழுத்திக் கட்டி வைத்துவிட்டார். அதனால் என் வலது கை பாதி நேரம் சும்மா இருக்கிறது. அந்தக் கையால் மேஜையில் நம் மெட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டு எப்படி என்று அவளைக் கேட்டேன். 'நல்லா இருக்கு. மூணாவது வரியில மட்டும் அவசரப்படுறீங்க' என்றாள். சிரித்துவிட்டேன். இவளும் விமரிசகர் ஆகிவிட்டாள்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

காசெட்டைக் கேட்டு அதிர்ந்துபோனேன். நீ பியானோ வாசிக்கிறாயா, நோட்டுக் கட்டை மூட்டை கட்டுகிறாயா? முதலில் நான் முன்னே போக நீ பின்னே வருகிறாய். பிறகு நீ என்னைத் தள்ளிவிட்டு ஓடுகிறாய். மூன்றாவது வரி அவசரம்தான். உன் வீட்டுக்காரி சொன்னது சரியாகிவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

மனதைத் தளரவிடாதே. அப்பா வாங்கிய பியானோ, உன்னையும் என்னையும் தவிர யாரும் கைவைக்காதது. அதன் மரியாதையைக் காப்பாற்று. பிப்ரவரிப் பங்கு உள்ளே இருக்கிறது. மார்ச்சுக்கு உரியதைத் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே நலம். நீங்களும் அத்தானும் நலமா?

பதில் தாமதமாகிவிட்டது. கையில் ஒரு காயம். பேனா பிடிக்க வலிக்கிறது. அவள் அச்சகத்துக்கு வேலை செய்து கொடுக்கும் டைப் மெஷினில்தான் இந்தக் கடிதம்.

பிப்ரவரிப் பாட்டும் மார்ச் பாட்டும் ஒரே காசெட்டில் இருக்கின்றன. கேட்டுவிட்டு எழுதவும்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

காயம் ஆறியதா? மருந்து போட்டாயா? அதென்ன திடீரென்று 'நீங்களும் அத்தானும்'? பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்றவன், டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் மரியாதை வந்துவிட்டதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் காசெட்டை எக்ஸ்ரே அறையில் போட்டேன். டாக்டர் கதவைத் தட்டியது காதில் விழவில்லை. அவர் உள்ளே வந்து, 'என்னம்மா, பல் வலியா? ஏன் அழறீங்க?' என்று கேட்ட பிறகுதான் அழுகிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

இரண்டு மாதத்தில் ஒரு மனிதன் இப்படி மாற முடியுமா? நீட்டி வாசித்துவிட்டு மூச்சு வாங்க நான் ஒரு நொடி நிற்பேன். அது என் கெட்ட பழக்கம், சின்ன வயதிலிருந்து அடி வாங்கியும் போகாதது. அந்த இடத்தில் நீ எனக்காகக் காத்திருக்கிறாய். நான் தொடங்கியதும் ஓசைப்படாமல் கூட வருகிறாய். இத்தனை வருஷத்தில் எனக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை, தம்பி. என் கண்ணைக் கட்டிவிட்டு நூறு பேரை வாசிக்கச் சொன்னாலும், இதுதான் என் தம்பி கை என்று சொல்லிவிடுவேன்.

ஒரே ஒரு குறை. பாட்டு முழுக்க வளையல் சத்தம் கேட்கிறது. பதிவு செய்யும்போது உன் பெண்டாட்டி பக்கத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? அவளைத் தள்ளி இருக்கச் சொல். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இந்த வரிகளை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டாதே.

அன்புடன்,
அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதமும் ஏப்ரல், மே பங்குகளும் கிடைத்தன. இரண்டையும் வாசித்து அனுப்பியிருக்கிறேன். உடம்பு பரவாயில்லை.

நீ கேட்டுக்கொண்டபடி அந்த வரிகளை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. வளையல்களைக் கழற்றி வைத்தாயிற்று. இனி சத்தம் வராது.

மூச்சு வாங்க நிற்பதைக் கெட்ட பழக்கம் என்று எழுதியிருக்கிறாய். அதை விட்டுவிடாதே. பாட்டில் நல்ல இடமே அதுதான்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அத்தான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார் என்றால் விஷயம் எவ்வளவு பெரிது என்று பார்த்துக்கொள்.

ஜூன் காசெட்டை டாக்டருக்குப் போட்டுக் காட்டினேன். வாயில் துணியோடு நாற்காலியில் சாய்ந்திருந்த நோயாளியும் கேட்டார். டாக்டர் கருவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவர் நூலக மண்டபக் குழுவில் இருக்கிறார். டிசம்பர் கடைசியில் அங்கே ஒரு மாலை நமக்கு. நீயும் நானும், மேடையில். 'உங்க தம்பிக்கு நல்ல பியானோவா ஏற்பாடு பண்றேன்' என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும். இத்தனை வயதுக்கு ஒரு மேடையில் நின்றதில்லை. தனியாக நிற்கத் தைரியம் கிடையாது. பக்கத்தில் நீ இருந்தால் நிற்பேன். உடனே பதில் எழுது. சோம்பேறித்தனம் பண்ணினால் அச்சகத்துக்கே போன் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்டு 9

தம்பி,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. உன் நலம் எப்படி என்று இன்று காலை வேறு ஒருவர் வாயால் கேட்டுவிட்டேன்.

பதில் இல்லையே என்று மருத்துவமனை போனிலிருந்து அச்சகத்துக்குப் பேசினேன். 'காகிதம் வெட்டற இடத்துல என் தம்பி இருப்பான், கூப்பிடுங்க' என்றேன்.

'அவரு அங்க இல்லீங்களே. கை போனப்புறம் புரூஃப் பாக்கற மேஜைக்கு மாத்திட்டாங்க.'

'எந்தக் கை?'

'வலது கைங்க. மூணு விரல். பிப்ரவரியில நடந்தது. இருங்க, கூப்பிடறேன். நீங்க யாரு பேசறது?'

போனை வைத்துவிட்டேன். எதிரே தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் முகத்தைப் பார்த்து, தன் வலியை மறந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உன் விரல் போய் அரை வருஷம் ஆகிறது. எனக்குத் தெரியாது. உன் கையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு அடையாளம் சொல்வேன் என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தை எப்படிடா படித்தாய்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய் என்று உன்னைத் திட்டவும் முடியவில்லை. மறைக்கும்படியாக உன்னிடம் நான் என்ன நடந்துகொண்டேன் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பிப்ரவரியில் விரல் போனவன் மார்ச்சிலும் ஜூனிலும் வாசித்திருக்க முடியாது. காசெட்டில் இருப்பது யார்? எந்த வாத்தியாரைப் பிடித்தாய்? என்னை அழ வைத்தது யார்?

அக்கா


ஆகஸ்டு 24

அன்புள்ள அக்காவுக்கு,

காயம் நன்றாக ஆறிவிட்டது. நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

வாத்தியார் யாரும் இல்லை. வாசித்தது அவள்.

நான் சொல்லச் சொல்ல அவள்தான் டைப் அடிக்கிறாள். மேலே உள்ள வரிக்கு அவள் கை நின்றுவிட்டது. 'இதை வேற மாதிரி எழுதலாமே' என்றாள். 'அப்படியே அடி' என்றேன். ஏப்ரலிலிருந்து எல்லாக் கடிதங்களும் இப்படித்தான் வந்தன. உன் கடிதங்களையும் உறையைப் பிரித்து எனக்குப் படித்துக் காட்டியவள் அவள்தான். வளையல் வரியையும் கழுதை வரியையும் குரல் மாறாமல் படித்தாள். படித்து முடித்து வளையல்களைக் கழற்றி அலமாரியில் வைத்தாள்.

விபத்தைச் சொல்லிவிடுகிறேன். இடது கையால் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். காகிதக் கட்டு கொஞ்சம் நகர்ந்தது. வலது கையால் சரி செய்யப் போனேன். கத்தி வந்தது தெரிந்தது, வலி தெரியவில்லை. மேல் தாள் சிவப்பானதைப் பார்த்து, ஐயோ, தாள் வீணாயிற்றே என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது உன் பிப்ரவரி காசெட் பியானோ மேல் இருந்தது. 'அக்காவுக்கு எழுதிடட்டுமா?' என்றாள். 'வேண்டாம். ரெண்டாவது மாசமே நின்னுபோச்சுன்னு அவகிட்ட என்னால சொல்ல முடியாது' என்றேன். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பல நாள் அப்படியே கிடந்தேன்.

ஒரு நாள் பகலில் முன் அறையில் உன் வயலின் கேட்டது. கூடவே பியானோவும் கேட்டது. நீ யாரையோ வைத்துப் பியானோவையும் சேர்த்தே பதிந்து அனுப்பிவிட்டாய் என்று நினைத்தேன். எழுந்து போனேன். அவள் முதுகு தெரிந்தது. கண் பியானோவில் இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

'எப்பக் கத்துக்கிட்ட?' என்றேன்.

'கல்யாணத்துக்கு முன்னாடியே. நடனப் பள்ளிக்கூடத்துல வேலை பாத்தேன்ல.'

'அது ஆபீஸ் வேலைன்னு நினைச்சேன்.'

'ஆடறதுக்கு வாசிக்கற வேலை. பிள்ளைங்க காலைப் பாத்துக்கிட்டே வாசிக்கணும்.'

'இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?'

'நீங்க கேக்கலை.'

அவள் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் நீ சொன்னது எனக்கு நினைவு வந்தது. 'தூசி தட்டலாம். மூடியை மட்டும் திறக்காதே' என்றாய். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி கீழ் வீட்டுத் தையல்காரரிடம் கிடைத்தது. அவரிடம் பெருமையாகச் சொல்லப் போனேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். 'நீங்க வேலைக்குப் போனதும் தினமும் வாசிப்பாங்களே. அதைக் கேட்டுக்கிட்டுத்தானே நான் மெஷின் ஓட்டறேன். உங்களுக்குத் தெரியாதா?' என்றார். பால்காரருக்குத் தெரியும். எதிர் வீட்டில் பரீட்சைக்குப் படிப்பவளுக்குத் தெரியும். தெருவுக்கே தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஜனவரி காசெட்டை எனக்கு அனுப்பி வை. மோசமான வாசிப்புதான், நீயே சொன்னாய். ஆனால் பத்து விரலும் இருந்தபோது நான் முழுதாக முடித்த பாட்டு அது ஒன்றுதான். இங்கே நகல் இல்லை. என் கையை ஒரு தடவை கேட்க வேண்டும் போலிருக்கிறது.

அன்புடன்,
தம்பி


அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அத்தானுக்கு ஒன்றுமில்லையே? இவ்வளவு நாள் நீ எழுதாமல் இருந்ததில்லை. எங்கள் மேல் கோபமா? கோபமென்றால் திட்டி ஒரு கடிதம் போடு. வாங்கிப் பழகியவன்தான்.

காசெட் தபாலில் தொலைந்துவிடும் என்று பயந்தால் பதிவுத் தபாலில் அனுப்பு. தினமும் தபால்காரரை வாசலில் நின்று பார்க்கிறேன். அவள் சிரிக்கிறாள்.

அன்புடன்,
தம்பி


அக்டோபர் 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். கோபமில்லை, பயம். உன் கடிதம் வந்த நாளிலிருந்து எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன்.

காசெட்டை அனுப்ப முடியாது. அது என்னிடம் இல்லை.

உன் ஜனவரி வாசிப்பைக் கேட்டேன். இது வைத்துக்கொள்ளத் தகுந்ததல்ல என்று தீர்ப்புச் சொன்னேன். அதே காசெட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி, அதன் மேலேயே என் பிப்ரவரிப் பங்கைப் பதிந்து உனக்கு அனுப்பினேன். மேஜை இழுப்பறையில் புதுக் காசெட் இருந்தது. எழுந்து போய் எடுக்கச் சோம்பல். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. இனிமேல் நன்றாக வாசிப்பாய், அப்போது சேர்த்து வைத்தால் போதும் என்று நினைத்தேன். இனிமேல் என்பது எப்போதும் இருக்கும் என்று நினைத்தேன்.

நீ கேட்கும் காசெட் உன் வீட்டிலேயே இருக்கிறது, தம்பி. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பியானோ மேல் இருந்ததே, அதுதான். அதில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது. அவளிடம் கேட்க இன்னும் வெட்கம். கழுதை யார் என்று தெரிந்துபோயிற்று. இந்த வருஷம் எனக்கு மிக நெருக்கமாக இருந்தவர் யார் என்று என்னைக் கேட்டிருந்தால் என் தம்பி என்று சொல்லியிருப்பேன். நான் மூச்சு விடும் இடம் உனக்குத் தெரிந்திருக்கிறது என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன். அது தெரிந்தது அவளுக்கு. அவளை நான் அறையை விட்டு வெளியே அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாக் காசெட்டையும் மறுபடி கேட்டேன். கேட்கும்போது யாரை நினைப்பது என்று தெரியவில்லை.

டாக்டரிடம் மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அக்கா


நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பும் அத்தான் உடம்பும் நலமாக இருக்க வேண்டும். இது நான் எழுதுவது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டைப் அடித்தால் மறுபடி அவர் என்று நினைத்துவிடுவீர்கள் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் கடிதத்தை அன்று அவரே பிரித்துப் படித்தார். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிப்ரவரி காசெட்டை எடுத்துப் போட்டார். கடைசி வரை கேட்டார். பிறகு திருப்பிப் போட்டு மறு பக்கத்தையும் கேட்டார். அந்தப் பக்கம் வெறுமையாக ஓடியது. அதையும் முழுக்கக் கேட்டார். நான் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை.

மூன்றாம் நாள் என்னிடம் வந்து, 'நான் ஜனவரியில வாசிச்சது எப்படிப் போகும்? எனக்கே மறந்துபோச்சு. உனக்கு நினைவிருக்கா?' என்று கேட்டார்.

எனக்கு நினைவிருக்கிறது. அந்த மாதம் முழுக்கச் சமையலறையில் நின்று அதைத்தான் கேட்டேன். எங்கே தவறினார், எங்கே ஓடினார், எந்த விரல் எந்த இடத்தில் வழுக்கியது என்று எல்லாம் தெரியும்.

'அப்படியே வாசிச்சுக் காட்டு. பதிஞ்சு வெச்சுக்கலாம்' என்றார்.

'மாட்டேன்' என்றேன்.

அவர் அதிர்ந்துபோய்விட்டார். கல்யாணமானதிலிருந்து அவருக்கு நான் சொன்ன முதல் 'மாட்டேன்' அதுவாகத்தான் இருக்கும். மீதியையும் சொல்லிவிட்டேன். 'இந்த வருஷம் பூரா நான் நீங்களா இருந்து வாசிச்சாச்சு. நீங்களா லெட்டரும் அடிச்சாச்சு. போன கையை என்னால செஞ்சு தர முடியாது. நான் செஞ்சா அது பொய். இன்னொரு கை இருக்குல்ல, வந்து உக்காருங்க' என்றேன்.

வரவில்லை. கோபித்துக்கொண்டு தையல்காரர் கடையில் போய் உட்கார்ந்தார். தையல்காரர் என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாள் வந்து பியானோவின் இடது பக்க ஓரத்தில் உட்கார்ந்தார்.

இப்போது உங்களுக்கு. உங்களை மன்னித்துவிட்டேனா என்று இவர் கேட்கிறார். தெரியவில்லை என்றேன். கழுதை என்று எழுதியதைப் படித்த நாள் எனக்கு வலித்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த பாட்டை வாசித்தேன். நீங்கள் மூச்சு வாங்க நிற்கும் இடம் வந்தது. கோபத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன், இருந்தும் கை தானாகக் காத்திருந்தது. மனசு சொல்வதைக் கை கேட்கவில்லை. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் மண்டபத்தை ஏன் வேண்டாமென்று சொன்னீர்கள்? என்னைக் கேட்டீர்களா? கல்யாணத்துக்கு முன்னால் நான் வாசித்ததெல்லாம் ஆடும் பிள்ளைகளுக்காக. ஒருவரும் என் பக்கம் திரும்பியதில்லை. எனக்கும் ஒரு மேடை வேண்டும். டாக்டரிடம் மறுபடி போய்க் கேளுங்கள். அறிவிப்புத் தாளில் பியானோ என்பதற்கு நேராக என் பெயரைப் போடச் சொல்லுங்கள். தம்பி மனைவி என்று போட வேண்டாம். தாளை இவர் அச்சகத்திலேயே அடித்துத் தருகிறேன் என்கிறார். புரூஃப் பார்ப்பது அவர்தான், என் பெயரில் பிழை வராது. நீங்கள் மூச்சு வாங்குங்கள். நான் நிற்கிறேன்.

வரும் வருஷத்துக்கு இந்த வீட்டில் எடுத்த முடிவுகளையும் எழுதிவிடுகிறேன். ஜனவரியிலிருந்து காலை வேளைகளில் நான் ஒரு நடனப் பள்ளிக்கு வாசிக்கப் போகிறேன். டைப் வேலையைக் குறைத்துக்கொள்கிறேன். அதனால் உங்கள் தம்பியின் கடிதங்களை இனி அவரேதான் எழுத வேண்டும். மெதுவாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவருடைய இலக்கு, வருஷத்துக்கு ஒரு பாட்டு. இடது கைக்கு மட்டும், அவரே போட்டது. பன்னிரண்டு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

அந்தப் பாட்டின் முதல் வரியை நேற்று பதிவு செய்தார். காசெட் இந்தக் கடிதத்தோடு வருகிறது. நான் தொடவில்லை, பக்கத்தில்கூட உட்காரவில்லை. சமையலறையில் இருந்தேன். முதலில் அவர் நாலைந்து தடவை தவறி நிறுத்துவது கேட்கும். அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு வரி முழுதாக வரும். சின்ன வரிதான். ஜனவரியில் வாசித்ததைவிட மோசமாகத்தான் இருக்கிறது. கேட்டுவிட்டு உங்களுக்குத் தோன்றியதை ஒளிக்காமல் எழுதுங்கள்.

கீழே உள்ள எழுத்து அவருடையது. இடது கையால் எழுதினார். இந்த ஒரு வரிக்கு மத்தியானம் முழுக்க ஆயிற்று.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டுப் பியானோக்காரி

அக்கா, இதையாவது அழிக்காதே.